பீப்பாய்க்கு ஓர் இடம்

அந்த வீட்டில் யாரும் யாரிடமும் "முடியாது" என்று சொல்வதில்லை. அதற்குப் பதிலாக எதையாவது தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்.

நாய்க்கு வயதாகிப் படியேற முடியாமல் போனபோது, அண்ணன் இரண்டு மூன்று கழுத்துப்பட்டைகளை வாங்கிவந்து, "எது நல்லா இருக்கு, நீயே சொல்லு" என்று தங்கையிடம் நீட்டினார். அவள் சிவப்பைத் தொட்டாள். சிவப்புப் பட்டையோடு வண்டியில் ஏறிப்போன நாய் திரும்பி வரவில்லை. பிறகு ஒருமுறை, தங்கையைக் கட்டிக்கொள்கிறேன் என்று அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டு வந்தார். அவர் எழுந்து போன மறுநாள், "உன் அறைக்குப் புதுசா பெயின்ட் அடிக்கலாம்னு இருக்கோம், என்ன கலர் வேணும்?" என்றார் அண்ணி. தங்கை வெளிர்பச்சை என்றாள். சுவர் பச்சையானது. அச்சகத்துக்காரரைப் பற்றிய பேச்சு அதோடு சரி.

இந்த வழக்கத்தில் தங்கைக்கும் பங்கு உண்டு. அம்மா படுக்கையில் விழுந்து, முதியோர் இல்லத்துக்கு அனுப்புவது என்று முடிவானபோது, தான் வேலை செய்யும் தையல் கடையிலிருந்து திரைச்சீலைத் துணியின் மாதிரித் துண்டுகளை எடுத்துவந்து அம்மாவின் மடியில் பரப்பியவள் அவள்தான். "பூப்போட்டதாம்மா, கோடு போட்டதாம்மா?" அம்மா கோடு போட்டதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்த ஜன்னலுக்கு?" என்று கேட்டாள். தங்கை கோடு போட்ட துண்டைத் தனியே மடித்து வைத்தாள். அந்தக் கோடு போட்ட திரைக்குப் பின்னால்தான் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

ஆகவே, தோட்டத்துக்கு ஒரு மழைநீர்ப் பீப்பாய் வாங்க வேண்டும், அதைத் தங்கைதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அண்ணி சொன்ன அன்றே அவள் உஷாராகியிருக்க வேண்டும். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இந்தப் பாம்பு அறியவில்லை.

அறியாததற்கு ஒரு காரணம் இருந்தது. தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது. அந்த வீட்டின் பக்கவாட்டில், தோட்டத்துக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றை அறைதான் அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம். கொஞ்ச நாளாகவே அண்ணி சாப்பாட்டு மேஜையில், "உன் கடைக்குப் பக்கத்துல பெண்கள் விடுதி ஒண்ணு இருக்காமே, நல்லா சுத்தமா வச்சிருக்காங்களாம்" என்பதும், அண்ணன் தட்டைப் பார்த்தபடி, "அப்படியா" என்பதும் நடந்துகொண்டிருந்தன. அவளும் ஏதோ ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். தலையணை உறை என்ன நிறம், பெட்டி பெரிதா சிறிதா என்பதுபோல் ஒன்று வரும் என்று. வந்தது பீப்பாய்.

அவள் இப்படிக் கணக்குப் போட்டாள். இழக்கிறவருக்குத்தான் பொருள் கொடுப்பார்கள். நாய்க்குப் பட்டை, அம்மாவுக்குத் திரை, தனக்குப் பச்சைச் சுவர். பீப்பாயோ வீட்டுக்கான பொருள், தோட்டத்தில் வருஷக்கணக்காக நிற்கப்போகிற பொருள். நாளைக்குப் போகிறவளிடம் யாராவது அதைக் கேட்பார்களா? தோட்டத்துக்கு நீர் ஊற்றுகிறவள் என்பதால்தான் கேட்கிறார்கள். ஆக, தனக்கு இங்கே இடம் உண்டு.

"கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்" என்றார் அண்ணி. "மாடிவீட்டுக்காரி வச்சிருக்கா பாரு, சாம்பல் கலர்ல, ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டி மாதிரி. அப்படி இருக்கக் கூடாது. ஹால் ஜன்னல்ல இருந்து பார்த்தா அதுதான் முதல்ல தெரியணும். உனக்குத்தான் அந்தக் கண்ணு இருக்கு."

உனக்குத்தான் அந்தக் கண்ணு இருக்கு. அந்த வார்த்தையில் தங்கை விழுந்தாள். கடையில் வாடிக்கையாளரை ஒருமுறை மேலிருந்து கீழ் பார்த்தாலே என்ன துணி, என்ன வெட்டு என்று சொல்லிவிடக்கூடியவள். கடை முதலாளி அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தோட்டச் சாமான் கடைக்குப் போனார்கள். தங்கை வழக்கம்போல் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வந்துவிட்டாள்.

கடைக்காரர் முதலில் பச்சைப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றைத் தட்டிக் காட்டினார். "அடிச்சாலும் உடையாது, வெயில்ல வெளுக்காது."

"இதைப் பார்க்கிறவங்க எங்க வீட்ல கெரசின் விக்கிறோம்னு நினைப்பாங்க" என்றார் அண்ணி.

அடுத்து, கல் ஜாடி போலத் தோற்றமளித்த ஃபைபர் தொட்டி. தங்கை விரல்நுனியால் சுண்டிப் பார்த்தாள். டப் என்று வெற்றுச் சத்தம் வந்தது. "பார்க்கத்தான் கல்லு, பேசினா பிளாஸ்டிக்" என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். மெருகு பூசிய நீலப் பீங்கான் ஜாடி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குக் குழாய் வைக்கத் துளை போட்டால் விரிசல் விடலாம் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார்.

கடைசியில், சுவரோரமாக, அந்த மரப்பீப்பாய். கரும்பழுப்புப் பலகைகள், வயிற்றுப் பக்கம் புடைத்து, மேலும் கீழும் ஒடுங்கி, இரும்பு வளையங்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. தங்கை அதன் முன்னால் நின்றுவிட்டாள். பிறகு நாடாவை எடுத்து அதன் நடுவயிற்றைச் சுற்றி அளந்தாள். மேல்வாய், அடிவாய், உயரம், குழாய்க்கும் தரைக்கும் உள்ள இடைவெளி.

"சட்டை தைக்கப் போறீங்களாம்மா?" என்றார் கடைக்காரர்.

"தைச்சா உங்க உடம்புக்குத் தைக்கிறதைவிட இதுக்குத் தைக்கிறது சுலபம். மூச்சை இழுத்துப் பிடிச்சு ஏமாத்தாது."

கடைக்காரர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. போனைத் தூக்கிப் பீப்பாயைப் பல கோணங்களில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அழகுதான். ஆனா அண்ணி, என் அறைக்கும் மதிலுக்கும் நடுவுல இருக்கிற சந்துல இது நுழையாது" என்றாள் தங்கை. "இடுப்பளவு ஜாஸ்தி."

"இடத்தைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே? இது பிடிச்சிருக்கா, அதைச் சொல்லு."

"பிடிச்சிருக்கு."

"அப்ப இதுதான். இடம் தன்னால வரும்." அண்ணி படத்தைத் தன் தோட்டக் குழுவுக்கு அனுப்பப் போய்விட்டார். கடைக்காரர் தங்கையிடம் திரும்பினார்.

"ஒண்ணு கேட்டுக்கங்க. மூடி போட்டு, கொசுவலை கட்டிடணும். அது எல்லாத்துக்கும் பொது. இதுக்குன்னு ஒரு விஷயம், வீட்டுக்கு வந்த உடனே தண்ணி ரொப்பிடுங்க. முதல்ல நாலா பக்கமும் ஒழுகும். பயப்படாதீங்க. பலகை தண்ணி குடிச்சு ஊதி, தானா அடைச்சுக்கும். அப்புறம் காயவே விடக் கூடாது. காஞ்சா பலகை சுருங்கும், வளையம் நழுவும். அப்படியே கழண்டு விழுந்துடும். இதுல ஆணியே கிடையாதும்மா. பலகையை ஒண்ணா நிறுத்தறது வளையமும் ஈரமும்தான்."

தங்கை தலையாட்டினாள். அந்த வாரம் முழுவதும் அவள் கடையில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்ததாகப் பொத்தான் தைக்கும் பெண் பின்னால் சொன்னாள்.

பீப்பாய் வருவதற்கு முந்தைய நாள் கொத்தனார் வந்தார். அடித்தளம் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தங்கை அறைக்குள் உட்கார்ந்து ஒரு கால்சட்டையின் விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கொத்தனார் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார், கயிற்றின் ஒரு முனையைத் தரையில் அழுத்திப் பிடித்தார், மறுமுனையில் சுண்ணாம்புக் கட்டியைக் கட்டி ஒரு வட்டம் போட்டார். வட்டத்தின் பாதி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

"என்னங்க பண்றீங்க? பீப்பாய் வெளியில வைக்கிறதாச்சே."

"தெரியும்மா. வெளியிலதான்."

"இது உள்ளே."

கொத்தனார் நிமிர்ந்து பார்த்தார். பச்சைச் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "இது வெளியே ஆயிடுமேம்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. "காலைல ஆள் வருது. கூரையை முதல்ல இறக்கிட்டு, அப்புறம் சுவரு. ஹால்ல இருந்து பார்த்தா மறைக்குதுன்னாங்க. கட்டிலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக் கொடுங்க, வட்டத்தை முடிச்சிடறேன்."

அவள் எழுந்து கட்டிலை நகர்த்திக் கொடுத்தாள்.

சாப்பாட்டு மேஜையில் அன்று அவள்தான் பேச்சை எடுத்தாள். "அண்ணே, என் அறையை இடிக்கப் போறீங்களா?"

அண்ணன் தண்ணீர் குடித்தார். பெரிய நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர். எடுப்பதற்கு மட்டும் அல்ல, அனுப்புவதற்கும் அவரைத்தான் அழைப்பார்கள். அவர் முகம் மாறவே மாறாது. "இடிக்கிறது அது இதுன்னு ஏம்மா பெரிய வார்த்தையெல்லாம் சொல்றே? அந்த விடுதியில பேசிட்டேன். உன் கடைக்கு நடந்தே போயிடலாம், பஸ் செலவு மிச்சம். ரெண்டு பேர் தங்குற அறை. ஒரு கட்டில் ஜன்னல் பக்கம், ஒண்ணு கதவு பக்கம். ரெண்டுமே காலியா இருக்கு." அவர் புன்னகை செய்தார். "உனக்கு எது வேணும்? நீயே சொல்லு."

அண்ணி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். "ஜன்னல் பக்கமே எடுத்துக்கோ. உனக்குக் காத்து வேணுமே."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "ஜன்னல் பக்கம்" என்றாள்.

மறுநாள் காலையில் ஆட்கள் கூரைக்கு ஏறியபோதே பீப்பாய் வண்டியும் வந்துவிட்டது. தங்கையின் பெட்டி, தையல் மெஷின், பாய் எல்லாம் வாசலில் இருந்தன. பீப்பாயும் அவற்றின் பக்கத்தில் இறக்கப்பட்டது. ஒன்று வருகிறது, ஒன்று போகிறது. எது எது என்று வழிப்போக்கர் கண்டுபிடித்திருக்க முடியாது.

அண்ணி பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். தங்கை பக்கத்தில் நின்று, அந்த வீட்டில் கற்றுக்கொண்ட குரலில், மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, இதுல இப்பவே தண்ணி ரொப்பிடலாமா, இல்ல காய விடலாமா? உங்களுக்கு எது பிடிக்கும்?"

"ரொப்பினா எப்படி நகர்த்தறது? கட்டட வேலை முடியற வரைக்கும் ஓரமா நிக்கட்டும். எண்ணெய் பூசி வெயில்ல வச்சா பளபளன்னு ஆயிடும்."

"உங்க இஷ்டம் அண்ணி. நல்லா வெயில் படுற இடமா பார்த்து வைக்கச் சொல்றேன்."

வைக்கச் சொன்னாள். மதில் ஓரம், நிழலே விழாத மூலையில். ஆட்கள் உருட்டிக்கொண்டு போகும்போது, "மெதுவா, மெதுவா, அடிபடாம" என்றும் சொன்னாள்.

விடுதிக் கட்டில் ஜன்னல் பக்கம்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு சுவர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற. "உன் கை பட்டாத்தான் அதுங்க தழைக்குது" என்று அண்ணி சொல்லியிருந்தார். போனால் பகல் சாப்பாடு கிடைக்கும். சமையலறையில் பழைய நாற்காலியில் உட்காரலாம். அண்ணன் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, "வந்துட்டியா" என்பார். அந்த வார்த்தையில் இன்னும் ஒரு வீடு இருந்தது. வாரத்தின் மற்ற நாட்களை அவள் அதை வைத்துத்தான் ஓட்டினாள்.

முதல் வாரம் போனபோது அறையின் கூரை இல்லை. அடுத்த முறை தெருப் பக்கச் சுவர் இல்லை. உள்பக்கத்து வெளிர்பச்சை, ஊரார் பார்க்கத் தெருவைப் பார்த்து நின்றது, குளிக்கும்போது கதவு திறந்துகொண்டவளைப் போல. பிறகு அதுவும் இல்லை. உடைத்த செங்கல்லைக் கொட்டிக் கெட்டித்து, மேலே கூழாங்கல் பரப்பினார்கள். கூழாங்கற்களுக்கு நடுவே அங்கங்கே பச்சைச் சில்லுகள் கிடந்தன.

ஒவ்வொரு முறையும் அவள் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, கடைசியில் மதில் ஓரம் போவாள். பூவாளியில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பீப்பாய்க்குப் பக்கத்தில் மண்ணில் கொட்டுவாள். அதன் மேல் ஒரு சொட்டுத் தெளிக்க மாட்டாள். மூடியைத் தூக்கி உள்ளே பார்ப்பாள். முதலில் இருட்டாக இருந்த உள்பக்கம், பிறகு நூல் நூலாக வெளிச்சம் விட ஆரம்பித்தது. பிறகு விரல் நுழையும் அளவுக்கு. ஒருநாள் காலால் லேசாகத் தட்டியதும் மேல்வளையம் நழுவிக் கீழே வந்தது. அவள் அதைக் குழந்தையின் பாவாடையை ஏற்றிவிடுவதைப் போல மெல்ல ஏற்றிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்தாள். அண்ணி ஹால் ஜன்னலிலிருந்து கையசைத்தார். இவளும் அசைத்தாள்.

எண்ணெய்ப் பூச்சு மட்டும் நன்றாகவே பளபளத்தது.

வேலை எல்லாம் முடிந்து, பீப்பாயை அலுங்காமல் தூக்கிவந்து வட்ட மேடையில் ஏற்றினார்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் நேராக அதன் வாய்க்குள் இறங்கியது. சாயங்காலம் மழை வரும் என்று போனில் போட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி மாடிவீட்டுக்காரி உட்படத் தன் தோட்டக் குழுவை வரவழைத்தார். முதல் மழை பீப்பாயில் விழுவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. தங்கையை டீ கொடுக்கச் சொல்லியிருந்தார். "எதுல கொடுக்கலாம், கண்ணாடி டம்ளரா, கப்பா? நீயே பார்த்து எடு" என்று கேட்டுவிட்டுத்தான். அவள் கப்பை எடுத்தாள். விருந்தாளிகளோடு உட்காரும் வாய்ப்பு அதோடு போயிற்று.

மழை சொன்ன சொல் தவறாமல் வந்தது. எல்லோரும் ஹாலின் பெரிய ஜன்னலில் குவிந்தார்கள். முன்பு அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஒரு பச்சை அறையின் முதுகுதான் தெரியும். இப்போது கூழாங்கல், கொடிப்பந்தல், நடுவில் ராஜா மாதிரி பீப்பாய். அண்ணனும் வந்து நின்றார். தங்கை தட்டைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்றாள். வாரக்கணக்காகத் தைத்த உடுப்பை யாரோ முதன்முதலாகப் போட்டுப் பார்க்கும்போது வருகிற படபடப்பு.

குழாயில் தண்ணீர் இறங்கியது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பீப்பாயின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீர் கம்பி கம்பியாகப் பீறியது. மேல்வளையம் சறுக்கி நடுவளையத்தின் மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து அடிக்குப் போயின. பலகைகள் ஒரு கணம் யோசித்தன. பிறகு ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், வெளிப்பக்கமாகச் சாய்ந்து விரிந்தன. மூடி எங்கோ உருண்டது. அடிவளையம் மட்டும் பலகைகளின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க, மழை நடுவில் கொட்டிக்கொண்டிருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அந்தத் தாழியை எல்லோரும் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். அண்ணியின் கழுத்து சிவந்து, சிவப்பு காது வரைக்கும் ஏறியது. தங்கை அதைப் பார்த்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே என்று நினைத்தாள். நிமிஷம் முழுதாகக்கூட நீடிக்கவில்லை.

"அடேயப்பா" என்றாள் மாடிவீட்டுக்காரி, போனைத் தூக்கிக்கொண்டு. "பூ விரியற மாதிரி இருக்கே. இதை எப்படிச் செஞ்சீங்க?"

மற்றவர்களும் போனைத் தூக்கினார்கள். "நடுவுல மண்ணு போட்டுச் செடி வச்சா..." என்றது ஒரு குரல். "வெளிநாட்டுப் பத்திரிகையில வர்ற மாதிரி" என்றது இன்னொன்று.

அண்ணியின் கழுத்திலிருந்து சிவப்பு வடிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சும்மா ஒரு டிரம் வைக்கிறது எல்லாரும் செய்யறதுதானே" என்றார். "முதல் மழையில விரியட்டும்னு விட்டோம்."

மாடிவீட்டுக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் வீட்டுச் சாம்பல் தொட்டி எந்த ஜென்மத்தில் விரியும்?

அண்ணி திரும்பினார். கூட்டத்துக்கு மேலாகத் தங்கையைப் பார்த்தார். பார்வை நிதானமாக இருந்தது. யார் காய விட்டது, யார் கேட்டது, யார் வெயில் மூலையைக் காட்டியது என்பதெல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாக வந்து போயின.

"இங்கே வாயேன்" என்றார் அன்பாக. எல்லோரும் வழிவிட்டார்கள். "எங்க வீட்ல இவதான் கண்ணு. பீப்பாயைத் தேர்ந்தெடுத்ததே இவதான். நீயே சொல்லு, இதுக்குள்ள என்ன செடி வைக்கலாம்?"

தங்கைக்குப் புரிந்துவிட்டது. இனி எடுப்பதற்கு என்ன மிச்சம் என்று மனசு அவசரமாகத் துழாவியது. அறை போயிற்று. இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். சமையலறை நாற்காலி, "வந்துட்டியா" என்ற ஒரு வார்த்தை. ஒன்றும் சொல்லக் கூடாது, தெரியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடித்தபடியே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஈரத்தில் பலகைகள் கறுத்து மின்னின. அவற்றின் வளைவு நிஜமாகவே ஒரு பெரிய பூவின் இதழ்களைப் போல இருந்தது. நடுவில் மட்டும் வெறுமை. அங்கே உயரமாக எதுவும் வரக் கூடாது. தொங்கிப் படர்கிற ஏதாவது வேண்டும். கறுப்புப் பலகைக்கு மஞ்சள் கத்தும், சிவப்பு அடித்துக்கொள்ளும்.

"நீலம்" என்றாள். வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "சின்னச் சின்ன நீலப்பூ. விளிம்புல வழிஞ்சு இறங்குற கொடி. இலை ரொம்பப் பெரிசா இருக்கக் கூடாது."

"பார்த்தீங்களா" என்றார் அண்ணி கூட்டத்திடம். எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணன் அவள் தோளில் கைவைத்தார். முகம் மாறவே இல்லை. "கொடியெல்லாம் தினம் பார்த்துக்கணும்மா. அதுக்கு ஒரு தோட்டக்காரரை வச்சுடறோம். நீ பாவம், வாரம் பூரா மெஷின்ல உக்காந்துட்டு ஞாயித்துக்கிழமையும் எதுக்கு அலையணும்? படுத்து நல்லா தூங்கு."

"சரிண்ணே" என்றாள் தங்கை.

மாடிவீட்டுக்காரி காலிக் கப்பை நீட்டினாள். தங்கை அதை வாங்கித் தட்டில் வைத்தாள். பிறகு மற்றவர்களுடையதையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை கழுவி வைக்கச் சமையலறைக்குப் போனாள்.